படம், இடம், நேரம்

தமிழழகன் எந்தப் புகைப்படத்தையும் சட்டென்று நம்ப மாட்டார். யாராவது பிறந்த குழந்தையின் படத்தைக் காட்டினாலும், முதலில் இரண்டு விரலால் பெரிதாக்கி, காது ஓரத்தில் வெட்டி ஒட்டிய கோடு தெரிகிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான், "யாரு ஜாடைங்க, அப்பாவா?" என்று கேட்பார். "எங்க கல்யாண ஆல்பத்தையே இப்புடித்தான் பாக்குறாரு, நான் நெசமாவே அதுல நின்னனான்னு" என்று அவர் மனைவி சிவரஞ்சனி சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு அந்தச் சந்தேகம் தொழிலில் வந்தது. மருதக்குடிக்காட்டில் அரியலூர் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவருடைய ஃபிளெக்ஸ் கடை இருக்கிறது. துபாயில் இருக்கும் மாப்பிள்ளையை நிச்சயதார்த்த ஃபிளெக்ஸில் பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். இறந்துபோன தாத்தாவைப் பேரனின் காதணி விழாவில் பட்டு வேட்டியோடு உட்கார வைப்பார். நரைத்த மீசை கறுக்கும், மூடிய கண் திறக்கும். ஊரில் பாதிப் பேருக்குத் தொப்பை உண்டு. அவர் கடை அடித்த எந்த ஃபிளெக்ஸிலும் யாருக்கும் தொப்பை கிடையாது. திருமழபாடி நந்தி கல்யாணத்துக்கும் ஏலாக்குறிச்சித் தேருக்கும் வரவேற்பு ஃபிளெக்ஸ் அடிக்கிற நாட்களில் அவருக்குச் சாப்பிட நேரம் இருக்காது.

நான் அந்தக் கடையில் டிசைன் வேலை பார்க்கிறேன். பத்தாவது வரை பெரம்பலூரில் இங்கிலீஷ் மீடியம், அதற்குப் பிறகு ஊர்ப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தேன். இரண்டு மொழியையும் பிழையில்லாமல் அடிப்பேன் என்பதால் தமிழழகன் அண்ணன் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். அதே காரணத்துக்காக ஊர் வாட்ஸ்அப் குழுவில் என்னை இரண்டாவது அட்மினாகவும் போட்டார். முதல் அட்மின் அவர். குழுவின் பெயர் 'மருதக்குடிக்காடு சொந்தங்கள்'. ஊரில் இருப்பவர்கள், திருப்பூருக்குப் போனவர்கள், வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் எல்லாரும் அதில் உண்டு. குடிநீர் வரும் நேரம் முதல் சாவுச் செய்தி வரை ஊருக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டுமென்றால் அந்தக் குழுவில் வர வேண்டும். அதில் வராதது நடக்காதது மாதிரிதான்.

அண்ணன் அந்தக் குழுவில் பதிவுகளை அழிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைக் குறை சொன்னால் நியாயமாக இருக்காது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றியது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வெள்ளை வேனில் வருகிறார்கள், பெட்ஷீட் விற்பது மாதிரி தெருவுக்குள் நுழைகிறார்கள் என்று யாரோ ஒரு ஆள் மூச்சிரைக்கப் பேசியிருந்தான். யார் குரல், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. எங்கள் குழுவில் அதை ஒருவர் போட, மறுநாளே உண்மையாகவே ஒரு பெட்ஷீட் வியாபாரி மோட்டார் பைக்கில் ஊருக்குள் வந்தார். ரேஷன் கடைக்குப் பக்கத்தில் வைத்து அடித்தார்கள். அண்ணன்தான் ஓடிப்போய் நடுவில் விழுந்து அந்த ஆளைத் தூக்கி அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அந்த ஆளுக்கு ஒரு காதில் கேட்பது போய்விட்டது. "நான் என்ன செஞ்சேன்?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அன்று சாயங்காலம் வரை அண்ணனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். "அட்மின் நீதானே? அப்ப நீதான் பொறுப்பு" என்றார்கள்.

திரும்பி வந்தவர் குழுவில் ஒரு விதி எழுதினார். அவர் சொல்ல நான்தான் அடித்தேன். 'படம் வேண்டும். இடம் வேண்டும். நேரம் வேண்டும். மூன்றும் இல்லாத செய்தி அழிக்கப்படும்.'

இந்த விதியை ஊர் ஒப்புக்கொண்டது ஆச்சரியமில்லை. நூறு நாள் வேலைக்குப் போனால் வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து ஏற்றினால்தான் வருகை விழுகிறது. தெருவிளக்கு மாட்டினாலும், வாய்க்கால் தூர்வாரினாலும், மரக்கன்று நட்டாலும் ஆபீசில் கேட்பது ஒரே வகைப் படம்தான். கீழே சின்ன வரைபடம், ஊர்ப் பெயர், தேதி, நேரம் எல்லாம் தானாக விழும் ஜி.பி.எஸ். கேமரா படம். அரசாங்க முத்திரைக்கு இருக்கும் மரியாதை அந்தப் படத்துக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரில் கோழி காணாமல் போனால்கூட, காலிக் கூண்டை ஜி.பி.எஸ். கேமராவில் எடுத்துப் போடுவார்கள்.

விதி வேலை செய்யவும் செய்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், கரையோர ஊர்கள் முழுகப் போகின்றன என்று ஒரு மழைநாளில் வந்த செய்தி எங்கள் குழுவில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. உயிரோடு இருந்த ஒரு பெரியவருக்கு வந்த கண்ணீர் அஞ்சலியையும் அண்ணன் அழித்தார். "எழுத்து அழகா இருக்கு, செய்தி பொய்யி" என்றார். அந்த அஞ்சலியை அடித்தது எங்கள் கடை இல்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

பிறகு பூமாலை அக்காவின் வாய்ஸ் வந்தது.

கிழக்குத் தெருவின் கடைசி வீடு பூமாலை அக்காவுடையது. வீட்டுக்குப் பின்னால் கருவேல முள், அதற்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் சுரங்கம். ஆடு வளர்க்கிறார். கணவர் திருப்பூரில் இருக்கிறார். குழுவில் அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை, எல்லாம் வாய்ஸ்தான்.

"ஏம்ப்பா, எல்லாரும் கேளுங்கப்பா. இன்னிக்கு மத்தியானம் வெடி வெச்சப்ப எங்க வூடு அதிர்ந்து போச்சு. அலமாரியில இருந்த டப்பா எல்லாம் கீழ வுழுந்துருச்சு. கெழக்குத் தெருவுல உள்ளவங்க சொல்லுங்க, உங்களுக்கும் அதிர்ந்துச்சா இல்லியா?"

அண்ணன் கேட்டார், அழித்தார். மறுநாள் அக்கா ஆடுகளோடு கடை வாசலுக்கே வந்துவிட்டார். ஆடுகள் வெளியே சாய்த்து வைத்திருந்த ஒரு கல்யாண ஃபிளெக்ஸின் ஓரத்தைக் கடிக்கத் தொடங்கின.

"ஏன் தமிழு, நான் பேசுனத அழிச்சுட்டியாமே?"

"அக்கா, ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். படம் இல்ல."

"அதிர்றத எப்புடிடா படம் புடிக்கிறது?"

"வீடியோ எடுங்க."

"சுரங்கத்துல சங்கு ஊதுறான், ஊதி முடிக்கறதுக்குள்ள வெடிக்கிறான். நான் ஆட்ட இழுத்துக் கட்டுவனா, போனத் தேடுவனா?"

"அதுக்கு நான் என்னக்கா பண்றது?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். அழிக்காம சும்மா இருன்னுதான் சொல்றேன்."

"மொதல்ல ஆட்டப் புடிங்க. மாப்பிள்ளை மூஞ்சியத் திங்குது."

அக்கா வீடியோவும் எடுத்தார். தரையில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்து, வெடிக்கும் சத்தம் கேட்கும்போது தண்ணீர் நடுங்குவதைக் காட்டியிருந்தார். குழுவில் முதல் பதிலே பிரேம்குமாரிடமிருந்து வந்தது: "அக்கா, கைதான் நடுங்குது. போய் பிரஷர் செக் பண்ணிக்குங்க." கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. அண்ணன் வீடியோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஓரத்தில் ஓர் ஆட்டின் கால் தெரிந்தது.

"ஆடு செம்ப இடிச்சிருக்கலாம்ல, புவனா?" என்றார் என்னிடம்.

"இடிச்சிருந்தா செம்பே சாஞ்சிருக்குமேண்ணே."

"இருக்கலாம். சந்தேகம் வந்துருச்சுல்ல." அழித்துவிட்டார்.

பிரேம்குமார் எங்கள் ஊர்தான். சுரங்கத்தில் டிப்பர் லாரி ஒப்பந்தம் எடுத்திருப்பவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஊரில் யாருக்கு ஆஸ்பத்திரி அவசரம் என்றாலும் அவருடைய கார்தான் போகும். ஆனால் சுரங்கத்தைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால், அது தன் லாரியின் டயரைக் குத்தியது மாதிரி அவருக்கு வலிக்கும்.

பூமாலை அக்காவும் எல்லாம் சரியாகச் சொல்கிறவர் இல்லை. ஒருமுறை கோபத்தில், கிழக்கே இடிந்து கிடக்கும் கிணறும் வெடியால்தான் இடிந்தது என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். அது மழையில் இடிந்தது என்பது ஊருக்கே தெரியும். அந்த ஒரு வாக்கியத்துக்காக மொத்த வாய்ஸும் போயிற்று. எழுதியிருந்தால் அந்த வரியை மட்டும் எடுக்கச் சொல்லலாம். குரலில் ஒரு வரியை மட்டும் எடுக்க வழியில்லை. வைத்தால் மொத்தமாக வைக்க வேண்டும், அழித்தால் மொத்தமாக அழிக்க வேண்டும். "பாத்தியா, நான் சொல்லல? இதுதான் வதந்தி" என்றார் அண்ணன். அவர் சொன்னதில் அந்த அளவு உண்மை இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

தை பிறந்ததும், சுரங்கத்தை விரிவாக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. அதற்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு புதன்கிழமை அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும் என்று பேப்பரில் சிறிய எழுத்தில் வந்தது. அதற்கு முன்னதாக, வீடுகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆய்வுக் குழு வந்தது. பிரேம்குமார்தான் வீடு வீடாக அழைத்துப் போனார். வந்தது பொங்கல் முடிந்த அடுத்த வாரம்.

பொங்கலுக்கு எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா? மார்கழிக் கடைசியில் ஒவ்வொரு வீட்டிலும் ஏணி வெளியே வரும். விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைப்பார்கள், மேலே வெள்ளையோ நீலமோ அடிப்பார்கள். விரிசலோடு பொங்கல் வைக்க யாருக்கு மனசு வரும்? கிழக்குத் தெரு முழுக்க அப்படித்தான் அடைத்திருந்தார்கள். ஆய்வுக் குழு வந்தபோது சுவர்கள் புதுப் பெண் மாதிரி இருந்தன.

அன்று மாலையே பிரேம்குமார் அந்தச் சுவர்களின் படங்களை வாட்ஸ்அப் குழுவில் ஏற்றினார். ஒவ்வொன்றின் கீழும் வரைபடம், மருதக்குடிக்காடு, தேதி, நேரம். 'விரிசல் என்று வதந்தி பரப்புகிறவர்கள் பார்வைக்கு' என்று எழுதியிருந்தார். கட்டைவிரல்கள் குவிந்தன. அண்ணனும் பெரிதாக்கிப் பார்த்தார். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. படம் இருந்தது, இடம் இருந்தது, நேரம் இருந்தது. பதிவு நின்றது.

கொஞ்ச நேரத்தில் பூமாலை அக்காவின் வாய்ஸ் வந்தது.

"எங்க வூட்டுச் சுவருதான் அது, நான் இல்லேங்கல. பொங்கலுக்கு நானே ஏணியில ஏறி அடைச்சேன்ப்பா! நீங்களும்தானே அடைச்சீங்க? அடைச்ச சுவத்தப் படம் புடிச்சுட்டு விரிசலே இல்லேங்கறான், எல்லாரும் பெருவிரலக் காட்டுறீங்களே, வெக்கமா இல்ல? வர்ற பொதங்கெழம அரியலூருல கூட்டம். சுரங்கம் பெருசாக வேணாம்னு நெனக்கிறவங்க எல்லாரும் வாங்க. ஒரு வேன் புடிச்சுப் போவோம். பேசத் தெரியலேன்னாலும் வந்து நில்லுங்க."

பிரேம்குமார் உடனே அண்ணனுக்குப் போன் செய்தார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். கை முழுக்க மை.

"அண்ணே, இது வதந்தி மட்டும் இல்ல, ஊரத் தூண்டி விடறது. கம்பெனிக்காரங்க ஸ்டேஷனுக்குப் போறேங்கறாங்க. நான்தான் புடிச்சு வெச்சிருக்கேன். அட்மின் பேரு உங்க பேருண்ணே."

அந்தக் கடைசி வாக்கியம் போதும் அவருக்கு. கையைத் துடைத்துக்கொண்டு வாய்ஸை அழித்தார். பிறகு ஒரு கணம் யோசித்து, அக்காவையே குழுவிலிருந்து எடுத்துவிட்டார்.

நான் பொதுவாகக் கடையில் அதிகம் பேசுவதில்லை. அன்று பேசினேன்.

"அவங்க கூட்டத்துக்கு வாங்கன்னு கூப்புட்டாங்க. இதுல எதுண்ணே பொய்யி?"

"சுவத்துல விரிசல் இருந்துச்சுன்னு சொல்லுது. ஆதாரம் எங்க?"

"சரி, அத வுடுங்க. வேணாம்னு சொல்றாங்க. வேணாம்னு சொல்றதுக்கு எதுக்குண்ணே போட்டோ?"

அவர் இன்னொரு முறை கையைத் துடைத்தார். நான் விடவில்லை. வேன் வந்ததா, அணை திறந்ததா என்பதற்கு ஆதாரம் கேட்கலாம். இந்தச் சுரங்கம் எனக்கு வேண்டாம் என்பதற்கு எந்த இடத்தில் நின்று எந்த நேரத்தில் படம் எடுப்பது என்று கேட்டேன்.

"நீ படிச்ச புள்ள, பேசுவ" என்றார். "அன்னிக்கு அந்த ஆளு காதுலேருந்து ரத்தம் வந்துச்சு பாரு, அத நான்தாம்மா தொடச்சேன். எது வதந்தி, எது நெசம்னு உக்காந்து பிரிச்சுக்கிட்டு இருந்தா அதுக்குள்ள எவனையாவது அடிச்சுருவானுங்க. எனக்கு மூணு விஷயம் போதும். இருந்தா வைப்பேன், இல்லேன்னா எடுப்பேன்."

"அப்ப அக்கா?"

"கூட்டம் முடியட்டும். மறுபடியும் சேத்துக்கலாம்."

கூட்டம் முடிந்த பிறகு சேர்த்து என்ன பயன் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஒரு கண்ணீர் அஞ்சலிக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். இறந்தவரின் படத்தில் தோளில் கிடந்த துண்டின் நிறத்தை மாற்றச் சொன்னார்கள். மாற்றிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா மறுபடி வந்தார். இந்த முறை ஆடுகள் இல்லை, ஆட்டு வாடை மட்டும் இருந்தது. தோளில் சுருட்டி வைத்திருந்த ஒரு பழைய ஃபிளெக்ஸைக் கடைத் தரையில் விரித்தார். ஆட்டுக் கொட்டகைக் கூரையிலிருந்து அவிழ்த்துக் கொண்டு வந்தது. வெயிலில் வெளுத்து, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அவர் மகளின் காதணி விழாவுக்கு எங்கள் கடை அடித்தது. நடுவில் பாவாடை சட்டையில் சிறுமி, இரண்டு பக்கமும் தாய்மாமன்கள், பின்னால் பூமாலை அக்காவின் வீடு.

"இது எப்ப எடுத்தது, தமிழு?"

"பாப்பா காதுகுத்துக்கு. நான்தான் வந்து எடுத்தேன்."

"பின்னாடி சுவத்தப் பாரு."

பார்த்தோம். சன்னலின் மூலையிலிருந்து தரை வரை சுவர் வழவழவென்று இருந்தது.

"இங்கேருந்து இங்க வரைக்கும் விரிசல் இருந்துச்சு. கை நொழையும். தாய்மாமன் வூட்டுல பேசுவாங்க, அத எடுத்துருன்னு நான் சொன்னேன். நீ எடுத்த. நெனப்பு இருக்கா?"

அண்ணன் தரையில் குந்தி உட்கார்ந்தார். வழக்கம்போல இரண்டு விரலை ஃபிளெக்ஸின் மேல் வைத்து விரித்தார். போன் இல்லை என்று அப்புறம்தான் உணர்ந்தவர் போலக் கையை எடுத்துக்கொண்டார்.

"இருக்கு" என்றார்.

"அந்த மொதப் படத்தக் குடு. விரிசலோட எடுத்தது. அதுல தேதி இருக்குமில்ல? இடம் எங்க வூடு. உன் ரூலுக்கு மூணும் சரியா இருக்கும். குரூப்புல போட வேணாம்ப்பா, கூட்டத்துல காட்டிக்கிறேன்."

அன்று மதியம் வேலை எதுவும் நடக்கவில்லை. அண்ணன் கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் மாட்டித் தேடினார். காதணி விழாவின் முடிந்த டிசைன் இருந்தது. அச்சுக்குப் போன படம் இருந்தது. கேமராவிலிருந்து வந்த முதல் படம் இல்லை. இடம் போதாமல் வருடா வருடம் அவர் பழைய படங்களை அழிப்பது வழக்கம். டிசைனை மட்டும் வைத்துக்கொள்வார். தேடிக்கொண்டே போகும்போது வேறு படங்கள் வந்தன. புதுமனை புகுவிழா, வளைகாப்பு, நிச்சயதார்த்தம். கிழக்குத் தெருவில் எடுத்தவைதான் எல்லாம். எந்தப் படத்திலும் எந்தச் சுவரிலும் ஒரு கீறல்கூட இல்லை. எல்லாரும் விரிசலை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் அவர் எடுத்திருக்கிறார். சிலவற்றை நான் எடுத்தேன்.

"இல்லக்கா" என்றார் கடைசியில்.

பூமாலை அக்கா திட்டவில்லை. ஃபிளெக்ஸைச் சுருட்டினார். "சரி வுடு. ஆட்டுக்காவது ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அப்போதாவது அண்ணன் அவரைக் குழுவில் சேர்ப்பார் என்று நினைத்தேன். போனைக் கையில் எடுத்தார், அக்காவின் எண் வரைக்கும் போனார், வைத்துவிட்டார். நானும் அட்மின்தான், நான் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "புதங்கெழம வரைக்கும் பொறும்மா. பிரேம்குமார் ஸ்டேஷன் அது இதுங்கறான்" என்றார். கேட்காமல் செய்திருந்தாலும் அடுத்த நிமிடமே அவர் எடுத்திருப்பார். அவர் கடை, அவர் குழு, அவர் பயம்.

அக்கா தெருத் தெருவாக நடந்து சொன்னார். மக்காச்சோளம் அறுப்பு நேரம். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இருந்தவர்களும், "குரூப்புல ஒண்ணும் வரலியே, கூட்டம் நெசமாவே இருக்கா?" என்று கேட்டார்களாம்.

புதன்கிழமை அண்ணன் கடையைச் சாத்திவிட்டு மண்டபத்துக்குப் போனார். என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டார். மண்டபம் நிரம்பியிருந்தது, ஆனால் எங்கள் ஊர் முகங்கள் குறைவு. பிரேம்குமார் ஏற்பாடு செய்த வேன்களில் வந்தவர்கள் முன் வரிசைகளில் இருந்தார்கள். வாசலில் சாப்பாட்டுப் பொட்டலங்கள் தயாராக இருந்தன. ஒவ்வொருவராக எழுந்து விரிவாக்கத்தை வரவேற்றார்கள். வேலை கிடைக்கும், ரோடு வரும், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் வரும் என்றார்கள். அவர்கள் சொன்னதையும் நான் பொய் என்று சொல்லவில்லை. அதுவும் ஒரு கருத்து. யாரும் அவர்களிடம் படம் கேட்கவில்லை.

பூமாலை அக்காவோடு கிழக்குத் தெருவிலிருந்து வந்தது மூன்று பெண்கள்தான். அக்கா மைக்கைப் பிடித்தபோது முன் வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"வணக்கமுங்க. எங்க வூடு அதிர்றதுக்கு எங்கிட்ட போட்டோ இல்லீங்க சார். நான் அதுல குடியிருக்கேன், அதுதான் எனக்குத் தெரியும். சுரங்கம் பக்கத்துல வரவர ராத்திரி புள்ளைங்கள வாசல்ல படுக்க வெக்கிறேன். எனக்கு இது வேணாம். அத சொல்லத்தான் வந்தேன்."

மேடையில் இருந்த அதிகாரி, "சரிம்மா. உங்க எதிர்ப்ப பதிவு பண்ணிக்கிறோம். வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஆதாரம் எங்கே என்று அவர் கேட்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்ல விட்டார். எங்கள் ஊர்க் குழுவில் முடியாதது, முன்பின் தெரியாத ஒரு ஆள் முன்னால் முடிந்தது. அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கடைசிச் சுவரில் சாய்ந்து, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பிரேம்குமார் கடைக்கு வந்தார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். போனைக் கேபிளில் மாட்டி ஒரு படத்தைத் திறக்கச் சொன்னார். மண்டபத்தின் உள்பக்கம், நிறைந்த கூட்டம், கீழே வரைபடமும் தேதியும் நேரமும். 'விரிவாக்கத்துக்கு ஒருமனதாக ஆதரவு தந்த சொந்தங்களுக்கு நன்றி' என்று மேலே போட வேண்டுமாம்.

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே. ஓரத்துல அந்தக்கா மைக்கப் புடிச்சுக்கிட்டு நிக்கிது பாருங்க. அத மட்டும் எடுத்துருங்க."

மவுஸ் என் கையில்தான் இருந்தது. இது எங்களுக்குப் பெரிய வேலையே இல்லை. பின்னால் இருக்கிற திரையைக் கொஞ்சம் எடுத்து முன்னால் பூசினால் அக்கா போய்விடுவார். இதுபோல எத்தனையோ பேரை எடுத்திருக்கிறோம். சண்டை போட்ட சித்தப்பாக்கள், விவாகரத்தான மருமகள்கள்.

"அத எடுக்க முடியாது" என்றார் அண்ணன்.

"ஏன், கஷ்டமா?"

"சுலபந்தான். முடியாது."

"அண்ணே, நீங்களே குரூப்புலேருந்து தூக்குனவங்கதானே அது?"

அண்ணனின் முகம் சுருங்கியது. "அது என் தப்பு. இத பண்ண மாட்டேன். வேற கடையில அடிச்சுக்கப்பா."

"சரிங்கண்ணே, உங்க இஷ்டம்" என்று பிரேம்குமார் சிரித்தபடியே கேபிளை உருவி, போனைப் பையில் போட்டுக்கொண்டு போனார். படத்தை ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்தில், எங்கள் கடைக்கு நேர் எதிரே ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதே படம் குழுவிலும் வந்தது. அக்கா நின்ற இடத்தில் திரை. திரையின் ஒரே மடிப்பு அங்கே இரண்டு முறை வருகிறது. வேலை தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். கீழே வரைபடம் இருந்தது, அரியலூர் இருந்தது, புதன்கிழமையும் நேரமும் இருந்தன. வழக்கம்போல கட்டைவிரல்கள் வந்து விழுந்தன.

அண்ணன் அதை அழித்தார். படமும் இடமும் நேரமும் இருந்த ஒரு பதிவை அவர் அழித்தது அதுதான் முதல் தடவை. பூமாலை அக்காவையும் குழுவில் திரும்பச் சேர்த்தார்.

பிரேம்குமார் ஒரு நிமிடத்தில் எழுதினார். "மூணும் இருக்கேண்ணே. எந்த ரூல்படி டெலிட் பண்ணீங்க?"

திருப்பூரிலிருந்து ஒருவர், "அட்மின் கட்சி மாறிட்டாரு" என்றார். துபாயிலிருந்து ஒருவர், "அண்ணன் கடையில அடிக்கலேன்னு கோவம் போல" என்றார். சிரிப்புப் பொம்மைகள் வந்தன. அண்ணன் பதில் எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், அழித்தார். திரையின் மடிப்பைப் பற்றி அவர் என்ன எழுதினாலும், அது எங்கள் கடையில் தினமும் நடக்கிற காரியம் என்று ஊருக்குத் தெரியும். கடைசியில் மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினார். குழு தொடங்கிய நாளிலிருந்து அவர் வாய்ஸ் போட்டு நான் பார்த்ததில்லை.

"நான் தமிழழகன் பேசுறேன். அந்தக் கூட்டத்துல பூமாலை அக்கா நின்னுச்சு. சுரங்கம் வேணாம்னு சொல்லுச்சு. இந்தப் படத்துலேருந்து அத எடுத்துட்டாங்க. நான் அங்க இருந்தேன், என் கண்ணால பாத்தேன்."

அக்காவோடு வந்த மூன்று பெண்களும் அதைக் கேட்டிருப்பார்கள். வேனில் போனவர்களும் கேட்டிருப்பார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிரேம்குமார் மட்டும் எழுதினார்.

"படம் இருக்காண்ணே?"

மறுநாள் மாலை பூமாலை அக்காவின் வீட்டுக்குப் போனேன். அண்ணன் அனுப்பவில்லை, நானாகத்தான் போனேன். அக்கா ஏணியில் நின்று, சன்னல் மூலையில் சிமெண்ட் அடைத்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு அடைத்த இடமே மறுபடி வாய் பிளந்திருந்தது. கொட்டகைக் கூரையில் காதணி ஃபிளெக்ஸ் திரும்ப ஏறியிருந்தது.

"வா புவனா. உங்க அண்ணன் என்னைய திரும்பச் சேத்துட்டான் போல. போன் ரெண்டு நாளா கத்திக்கிட்டே கெடக்கு. சத்தத்த நிறுத்தி வெச்சுட்டேன்."

"அண்ணன் பேசுனதக் கேட்டீங்களா?"

"எத?"

நான் போனை எடுத்தேன். "அக்கா, அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்துக்கிறேன், கொஞ்சம் நில்லுங்க" என்றேன்.

அக்கா கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஏணியிலிருந்து என்னைக் குனிந்து பார்த்தார். பாதி விரிசல் ஏற்கெனவே மூடியிருந்தது.

"எடுத்து?" என்று கேட்டார்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி, மீதியை அடைக்கத் தொடங்கினார்.